ஒரு முகத்துக்கு மூன்று நொடி

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு எஜமானர்கள் மாப்பிள்ளையும் பெண்ணும் அல்ல. மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருக்கிற சித்தப்பாக்கள்தான். யாங்கோனில் இருபது வருஷமாக இந்த எஜமானர்களிடம் ஊழியம் பார்க்கிறேன். கேமராவைத் தூக்கிக் கழுத்துவலியும் வசவும் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் மிகை எதுவும் இல்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் எனக்காகச் சாட்சி சொல்லுங்கள்.

நடுவில் ஒரே ஒரு மழைக்காலம் வேறு வேலைக்குப் போனேன். அல்பேனியாவில் பிறந்து பிரான்ஸில் சினிமா படித்த லிந்திதா என்கிற ஆவணப்பட இயக்குநருக்கு மொழிபெயர்ப்பாளன், மைக் பிடிக்கிறவன், குடை பிடிக்கிறவன் எல்லாம் நானே. அந்த மூன்று மாதமும் நான் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி செல்வி சொல்கிறாள். கீழே இருப்பது அந்தப் பல்கடியின் வரலாறு.

வராமல் போன சித்தப்பா

முதலில் என் தொழில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், யாங்கோன் நடுவில் நான் இருக்கிற கியாக்டடா பேட்டையில் ஒரு தமிழ்க் கல்யாணம். தாலி, மாலை, குத்துவிளக்கின் சுடர் என்று எல்லாவற்றையும் பெரிய கலைஞன் மாதிரி எடுத்திருந்தேன். டிவிடியைக் கொடுத்த மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா என் வாசலில் நின்றார். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்த பெண்ணின் சித்தப்பா, படத்தில் ஓர் இடத்தில்கூட இல்லையாம். வேண்டுமென்றே தன்னை விட்டுவிட்டார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு, அந்த வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டாராம்.

அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று நொடி. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அடுத்த முகம். கொஞ்ச வருஷத்தில் நான் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். கை தானாக முகம் முகமாக நகரும். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாதான். "எங்க கொழுந்தனாரு உசிரோட வந்து சாப்பிட்டுட்டுப் போனாரு தம்பி, நீதான் அவரை வரலேன்னு ஆக்கிட்டே."

நேர்காணல்

லிந்திதா இங்கே வந்தது குறும்படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு. வகுப்பு ஆறு வாரம். மீதி நாட்களில் தன் சொந்தப் படத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று திட்டம். பர்மியமும் ஆங்கிலமும் தெரிந்த, கேமரா பழகிய ஆள் வேண்டும் என்று யாரோ என்னை அனுப்பினார்கள். வயதில் என்னைவிட ஏழெட்டு வருஷம் இளையவர். நான் எடுத்த ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னார். என்னிடம் இருந்தது கல்யாணம்தான். ஷாமியானாவில் ஆரம்பித்துத் தாம்பூலப் பை வரைக்கும் நாற்பது நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தார். எங்கள் சொந்தக்காரர்களே அதை முழுசாகப் பார்த்தது கிடையாது.

முடிந்ததும் மடிக்கணினியை மூடினார். அவர் எடுக்கப்போகிற படத்தில் ஒரு முகம்கூட வராது, வரவும் கூடாது என்றார். நகரத்தின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலைப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து தங்கியிருக்கிற ஒரு வீடு. அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் படம். தலைக்குக் குளிப்பது, துவைப்பது, தனகாக் கட்டையைச் சந்தனம் மாதிரி கல்லில் அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வது. இதில் என்ன ஆபத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இன்றைய யாங்கோனில் வெளிநாட்டுக்காரர் கேமராவில் ஒரு முகம் இருந்தால் அது யார், எதற்கு என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் முதலில் வேலை போகும். அப்புறம் என்னென்ன போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதெல்லாம் தெரிந்தும் சரி என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவர் சொன்னதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டுக்கு வந்து செல்வியிடம் பீற்றிக்கொண்டேன். "இத்தனை முகங்களைப் பயமில்லாமல் எடுத்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை."

கேமரா கொடுக்காத பள்ளிக்கூடம்

மழை வலுத்த நாட்களில் வகுப்பு முடிந்தும் வெளியே போக முடியாது. அப்போது சயாமா தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். (இங்கே பெண் வாத்தியாரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவோம்; மேடம் என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை.) ஒன்பது வயதில் அம்மாவோடு கப்பலேறி அல்பேனியாவை விட்டு வந்தவர். பாரிஸுக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்திருக்கிறார். சினிமாப் பள்ளி நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோல்வி. நடுவில் பிறர் படங்களுக்குக் கீழே ஓடுகிற வசனத்தை மொழிபெயர்த்துப் பிழைத்திருக்கிறார். மூன்றாம் தடவை இடம் கிடைத்தும், முதல் வருஷம் முழுக்கக் கேமராவையே தொட விடவில்லையாம். கையில் ஒரு மைக்கைக் கொடுத்து, கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நானும் அப்போது மைக்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி முடிக்கும்போது ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவருடைய அம்மா ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தார். காகிதம் எதுவும் இல்லாத காலம், எப்போது யார் கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. மகள் கேமராவோடு போய் நின்றபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அம்மா இறங்கிவந்தார், பாதி தூரம். அந்தப் படம்தான் சயாமாவுக்கு முதல் பெயர் வாங்கித் தந்தது. அதிலிருந்து அவர் படங்களில் கைதான் கதாநாயகி. அப்புறம் இரண்டு பெரிய படங்கள், அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒன்றுமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைப் படமும் நின்றுபோனால் இனிமேல் வாத்தியார் வேலைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அன்றைக்குச் சொன்னதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "என் கையை எடுத்துக்கொள், முகம் என்னுடையது."

வெள்ளைச் சட்டைக்காரர்

ஒத்திகைக்காக டாலா படகில் போனோம். கைப்பிடிக் கம்பி மேல் இருக்கிற கைகளை மட்டும் அவர் போனில் எடுப்பார், நான் குடைக்குள் மைக்கை மறைத்துப் பிடிக்க வேண்டும். பாதி ஆற்றில் கவனித்தேன். வெள்ளைச் சட்டையும் கருநீல லுங்கியுமாக ஒருத்தர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். சயாமாவிடம் போனை உள்ளே வைக்கச் சொன்னேன். மேஜிக் மாதிரி எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாயின. சுற்றி இருந்தவர்களும் அவரைக் கவனித்திருக்கிறார்கள் போல.

கரை தட்டியதும் அவர் நேராக என் தோளைத் தட்டினார். கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட நிஜமில்லை. அவர் என் பெயரைச் சொல்லிவிட்டு, எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்ததாகச் சொன்னார். "விளக்குத் திருவிழா முடிஞ்சதும் என் பொண்ணு கல்யாணம், அந்த வெள்ளைக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்து எடுத்தீங்கன்னா மாப்பிள்ளை வீட்டுல கொஞ்சம் மதிப்பா இருக்கும்."

காதர் பாய்

எங்கள் கட்டடத்துக்குக் கீழே குடைக்கடை வைத்திருக்கிறவர் காதர் பாய். வழியில் போனைச் சோதிப்பார்கள் என்பதால் நான் தினமும் அதில் இருக்கிற படங்களை அழித்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். அது அவருக்குத் தெரியும், அவரும் அப்படித்தான். ஒரு நாள் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் காலையில் மீன்குழம்பு மொகிங்கா சாப்பிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டார். எழுந்தபோதுதான் வாயைத் திறந்தார். "அந்தம்மா நல்லவங்கதான் மூர்த்தி, ஆனா அவங்க ப்ளேன் ஏறிப் போயிருவாங்க, நீ இதே படியிலதான் ஏறி எறங்கணும்."

கடைசி ஞாயிற்றுக்கிழமை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சயாமாவே ஷ்வேப்யிதாவுக்கு வந்து எடுத்தார். விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் படுத்துவிட்டார். பதினொரு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தனகா அரைக்கிற ஒரு காட்சி மட்டும் பாக்கி. இதை விட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கேமராவை என் கையில் கொடுத்து, கழுத்துக்குக் கீழே, கழுத்துக்குக் கீழே என்று இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

அந்த வீட்டில் எங்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்துகொடுத்தது மா ஏ என்கிற பெண். காலர் தைப்பதில் கெட்டிக்காரி. நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு பேரும் தயாராக நின்றார்கள். கடைசி நாள் என்று கேள்விப்பட்டதால் பெட்டியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்துக் கட்டியிருந்தார்கள். தலையில் பூ. கன்னத்தில் தனகாவை இலை மாதிரி வரைந்திருந்தார்கள். ஒருத்தி மற்றொருத்தியின் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பூவும் புதுத்துணியுமாக வரிசையாக ஜனங்கள் நின்றால் அது எனக்கு என்ன இடம், நீங்களே சொல்லுங்கள். மைக்கைத் தரையில் ஓடவிட்டுக் கேமராவைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்தவள். அவர்கள் அரைத்தார்கள், சிரித்தார்கள், நான் எடுத்தேன். அவ்வளவு நிம்மதியாக அந்த மழைக்காலத்தில் நான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. கிளம்பும்போது மா ஏ படியில் ஓடிவந்து நிறுத்தினாள். (இங்கே கோ என்றால் அண்ணன்.) "கோ மூர்த்தி, என்னை மட்டும் இன்னொரு தடவை எடுங்க, நான் கண்ணை மூடிட்டேன்."

திருநீறு

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழக்கம்போல எடுத்ததை ஓட்டிப் பார்த்து எண்ணினேன். பதினொன்று. யாரும் விட்டுப்போகவில்லை, மா ஏ இரண்டாவது தடவை கண்ணைத் திறந்துதான் இருந்தாள். திருப்தியாகக் கேமராவை மூடிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், நான் எதை எண்ணினேன் என்பது எனக்கு உறைத்தது. பதினொரு முகம்.

அங்கேயே அழித்திருக்கலாமே என்பீர்கள். செல்வியும் அதைத்தான் கேட்டாள். போனில் இருப்பதை அழிப்பேன், ஆனால் கேமராவில் எடுத்த எதையும் கல்யாண வீடியோக்காரன் அழிக்கமாட்டான். பத்து வருஷம் கழித்து வந்து, தாத்தா இருக்கிற இடத்தை மட்டும் கொடுங்கள் என்று கேட்பார்கள். அதோடு, மறைப்பானேன், படம் அழகாக இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் மெதுவாகி நின்றது. முன்னால் சோதனை. கேமராவிலிருந்து மெமரி அட்டையை உருவி, பழைய கல்யாணம் ஒன்றின் அட்டையைச் செருகினேன். செல்வி எப்போதும் என் பையில் கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வைத்திருப்பாள். அதைப் பிரித்து அட்டையை உள்ளே புதைத்து மடித்தேன்.

சோதிக்க ஏறி வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். கேமராவைப் பார்த்தார், கல்யாணப் பெண் ஒருத்தி மாலை மாற்றிக்கொண்டிருந்தாள். சரி என்று பையைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். கோயில் சாம்பல் என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். தன் அம்மா ஒரு மாதமாகப் படுக்கையில் இருப்பதாகவும், எங்கள் கோயில் சாம்பலை அவருக்குப் பூசும்படி யாரோ சொன்னதாகவும் மெதுவாகச் சொன்னார். பொட்டலத்தை என் மடியிலேயே வைத்துப் பிரித்தேன். நகத்தில் அட்டையின் ஓரம் இடித்தது. அதைச் சுற்றித் தடவி மூன்று சிட்டிகை எடுத்து, பஸ் டிக்கெட்டில் வைத்து மடித்து நீட்டினேன். நான் அப்படித் தடவித் தடவி எடுத்ததைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். எந்தச் சாமி என்று கேட்டார்; அந்த நேரத்தில் எனக்கு ஒரு சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை. அவர் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "எந்தச் சாமியா இருந்தாலும் சரி, எங்க அம்மாவுக்காக நீங்க ஒரு வார்த்தை வேண்டிக்குங்க."

(வேண்டிக்கொண்டேன். இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.)

சுவர்

சயாமா தன் அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லை, மடிக்கணினியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. என்ன நடந்தது என்று நானே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையின் மேலிருந்த திருநீற்றைப் போர்வை நுனியால் துடைத்துப் படத்தை ஓட்டினார். பதினொரு முகங்களையும் இரண்டு தடவை பார்த்தார். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடலாமே என்றேன். மங்கலாக்கினதைத் தெளிவாக்க எங்கேயாவது ஒருவர் இருப்பார் என்று தலையாட்டினார். என்னை அழிக்கச் சொன்னார். எனக்கு விரல் வரவில்லை. அவரே அழித்தார். கேமரா தனியாகவும் மைக் தனியாகவும் பதிவு செய்ததால், பெண்கள் அரைத்த சத்தமும் சிரிப்பும் மட்டும் மிஞ்சின.

அழித்தது போதாது, தோண்டி எடுத்துவிடுவார்கள் என்றார். அட்டை நிரம்புகிறவரைக்கும் அதன் மேல் வேறு எதையாவது பதிய வேண்டுமாம். கேமராவை எதிர்ச்சுவரைப் பார்த்து நிறுத்தினார். சுண்ணாம்பு உரிந்த சுவர், மூலையில் ஒரு பல்லி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் படம் அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அழுகையும் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பல்லியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் படத்துக்காக இதுவரை எடுத்ததிலேயே நல்லது அதுதான், மூர்த்தி; அதனால்தான் அதை வைத்திருக்க முடியாது."

டீக்கடையில் பதினெட்டு நிமிஷம்

அவர் ஊருக்குப் போய் ஒன்பது நாள் கழித்து ஷ்வேப்யிதா வீட்டுக்குச் சிலர் வந்தார்கள். வெளிநாட்டுக்காரி வந்தாளா, என்ன எடுத்தாள் என்று கேட்டார்கள். போன்களைப் புரட்டினார்கள். வகுப்பு நடந்த இடத்துக்கும் என் வீட்டுக்கும் வந்தார்கள். பையைக் கொட்டி அந்த அட்டையையும் போட்டுப் பார்த்தார்கள். பல்லி ஒரு தடவைகூட நகரவில்லை. அன்றைக்குப் பூராவும் நான் சாப்பிடவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை, யாரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை எழுதுவதற்கு நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட.

படம் முடிந்து பிரான்ஸில் திரையிட்டார்கள். சயாமாவுக்கு அடுத்த படத்துக்கும் வாய்ப்பு வந்திருக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மா ஏ கியாக்டடாவுக்கு வந்தாள். டீக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காதில் ஆளுக்கு ஒரு ஒயரை மாட்டிக்கொண்டு என் போனில் பார்த்தோம். பதினெட்டு நிமிஷம். கைகள், ஈரத்தலை, வாளி, கொடியில் துணி. கடைசியில் திரை இருட்டாகிறது. கல்லில் கட்டை உரசுகிற சத்தமும் பதினொரு பேர் சிரிக்கிற சத்தமும் மட்டும் கேட்கின்றன. யார் சிரிப்பு எது என்று மா ஏ விரல் விட்டு எண்ணினாள். பிறகு, தான் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது எங்கே என்று கேட்டாள். அட்டை கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "அழிச்சிட்டீங்கன்னு தெரியும் கோ மூர்த்தி, நல்லதுதான் செஞ்சீங்க; ஆனா அன்னிக்கு நாங்க எல்லாரும் ரொம்ப அழகா இருந்தோம்."

இப்போது மறுபடி கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டேன், சித்தப்பாக்கள் சௌக்கியம். முதல் முகத்தை எடுக்கும் முன்பு மட்டும் என் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்கிறது, அந்த ஒரு நொடிதான் நான் படித்த சினிமாப் படிப்பு மொத்தமும்.